தனி வீடு வரைவதும் பழைய வீட்டைப் புதுப்பிப்பதும்: இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களின் கேள்விகள்

மதுரையில் தனி வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கட்டிக் கொடுப்பதும், பழைய வீடுகளைப் பிரித்துச் சரிசெய்வதும் என் தொழில். பி.இ. சிவில் படித்தவள். இந்த வேலையில் 18 வருடம் ஓடிவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகள், அவர்களைவிட அதிகக் கவலையோடு அவர்களுடைய அப்பாக்கள், சைட் இன்ஜினியர் வேலையில் அலுத்துப்போனவர்கள், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்ப நினைப்பவர்கள் என்று பலர் போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம், அனுமதி பற்றிச் சொல்வது தமிழ்நாட்டு நிலவரம்.

வீடு வரைபவருக்குப் பெயர் என்ன? ஆர்க்கிடெக்ட்டா, இன்ஜினியரா, இன்டீரியர் டிசைனரா?

ஊரில் எல்லோருக்கும் "இன்ஜினியர்"தான். வேலையாகப் பார்த்தால் மூன்றும் வேறு. வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு எத்தனை எட்டு என்று யோசிப்பது ஆர்க்கிடெக்ட். அந்த வீடு நிற்குமா, எத்தனை கம்பி, எவ்வளவு ஆழத்தில் கடைக்கால் என்று கணக்குப் போடுவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். உள்ளே அலமாரி, ஃபால்ஸ் சீலிங், விளக்கு, மர வேலை எல்லாம் இன்டீரியர் டிசைனர்.

ஆனால் 1,200 சதுர அடி வீட்டுக்கு மூன்று பேரை வைத்துக்கொள்ள யாருக்கும் வசதிப்படாது. அதனால் தனி வீட்டுத் தொழிலில் ஒருவரே ஒன்றரை ஆள் வேலையாவது பார்க்க வேண்டியிருக்கும். தன்னால் முடியாத அந்த மீதியை யாரிடம் கேட்பது என்று தெரிந்திருப்பதும் தொழிலில் சேர்த்திதான்.

பி.ஆர்க் படிக்காமல் வீடு வடிவமைக்கலாமா? சட்டம் விடுமா?

இதில் குழப்பம் அதிகம், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37-ஆவது பிரிவுப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை "ஆர்க்கிடெக்ட்" என்று சொல்லிக்கொள்ளலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்கு விளக்கம் சொன்னது: சட்டம் காப்பது அந்தப் பட்டத்தை, கட்டட வடிவமைப்பு வேலையையே பதிவு செய்யாதவர்கள் செய்யக் கூடாது என்று அது தடுக்கவில்லை.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? சிவில் இன்ஜினியர் வீடு வரையலாம். விசிட்டிங் கார்டில் ஆர்க்கிடெக்ட் என்று போடக் கூடாது. அதே சமயம், அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் பதிவு பெற்ற தொழில்நுட்பரின் கையெழுத்து வேண்டும். அந்தப் பதிவு உங்களிடம் இல்லையென்றால் இருப்பவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். கையெழுத்தை மட்டும் காசுக்கு வாங்கும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. நாளைக்கு ஒரு சன்ஷேட் விழுந்தால் கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் போகும். அதனால் நானும் யாருக்கும் சும்மா போட்டுத் தருவதில்லை.

இன்டீரியர் டிசைனருக்கு இப்படி ஒரு சட்டப் பதிவு கிடையாது. அதனால் அந்தப் பக்கம் கூட்டம் அதிகம். தரம் மேலும் கீழுமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

பிளஸ் டூ படிக்கிறேன். எதில் சேரலாம்?

பி.ஆர்க் ஐந்து வருடம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டும். நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கு ஜே.இ.இ. மெயின் தேர்வின் இரண்டாம் தாள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி பழைய, நல்ல இடம். பி.இ. சிவில் நான்கு வருடம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மூன்று வருடம், ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் இரண்டு வருடம்.

ஐந்து வருடச் செலவு வீட்டுக்குத் தாங்கும், கை சும்மா இருந்தால் ஏதாவது கிறுக்கிக்கொண்டே இருப்பீர்கள் என்றால் பி.ஆர்க். தாங்காது என்றால் டிப்ளமோ முடித்து, சைட்டில் இரண்டு வருடம் நின்றுவிட்டு, நேரடியாக இரண்டாம் வருடம் பி.இ. சேருங்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் எஸ்டிமேட்டைத் துல்லியமாகப் போட்டவர் ஐ.டி.ஐ. முடித்த ஒரு தம்பிதான். அவன் போட்ட செங்கல் கணக்கில் கடைசியில் ஒரு ஆட்டோ கல்கூட மிஞ்சாது.

கல்லூரியில் சொல்லித் தராதது என்ன?

பழைய வீடு.

கல்லூரியில் காலி மனையில்தான் எல்லாம் தொடங்கும். சுற்றிலும் வெள்ளைத் தாள், நடுவில் உங்கள் வீடு. நிஜத்தில் வரும் வேலை எப்படி இருக்கும்? 1980-களில் அப்பா கட்டிய வீடு, மேலே ஒரு மாடி எடுக்கணும், கீழே ஒரு பெட்ரூமுக்கு அட்டாச்டு பாத்ரூம் வேணும், கூடவே அந்த ஓதத்தையும் பார்த்துடுங்க.

யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதல் மூன்று வருடம் புதுப்பிப்பு வேலையில் நில்லுங்கள். புது வீட்டில் தவறு பூச்சுக்குள் மறைந்துவிடும், அதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பழைய வீட்டை உடைக்கும்போது முப்பது வருடத்துக்கு முந்தைய தவறு அப்படியே கண்ணில் படும். கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க அடியில் வைக்கும் சின்னக் கட்டை) வைக்காமல் போட்ட கம்பி துருப்பிடித்து, ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஜன்னல், கதவுக்கு மேலே போடும் லிண்டல் உத்திரத்தைச் சுவருக்குள் போதிய அளவு ஏற்றாமல் விட்ட இடத்தில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியிருக்கும். கான்கிரீட் தூணும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காததால் நேர்கோடாகப் பூச்சு பிளந்திருக்கும். இதை நூறு தடவை பார்த்தவருக்கு, புது வீட்டில் தளம் போட அடித்த சென்ட்ரிங் பலகையில் ஏறி நிற்கும்போது கண் தானாகக் கவர் பிளாக்கைத் தேடும். புத்தகத்தில் படித்தவருக்குப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும், எனக்கும் மறந்தது.

"இந்தச் சுவரை எடுத்துடலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டால் எப்படிச் சொல்வது?

புதுப்பிப்பு வேலையில் தினம் வரும் கேள்வி. ஹாலையும் டைனிங்கையும் ஒன்றாக்கணும் என்பார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டினால் வீடு தலையாட்டும்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். 1984-இல் கட்டியது. "இது பில்லர் வீடும்மா, தாராளமா இடிக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். என்னோடு வந்த மேஸ்திரி அண்ணன் ஒன்றும் பேசாமல் சுவர் மூலையில் உளியை வைத்து ஒரு சாண் அளவு பூச்சைத் தட்டினார். தூண் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல். அடுத்த மூலையிலும் செங்கல். மாடிக்கு ஏறிப் பார்த்தால் அதே சுவரின் நேர் மேலே இன்னொரு ஒன்பது அங்குலச் சுவர். பில்லர் என்று அவர் நினைத்தது முகப்பில் அழகுக்கு எடுத்த இரண்டு போர்டிகோ தூணை.

கணக்கைப் பாருங்கள். 12 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குல கனம் உள்ள செங்கல் சுவர் 90 கன அடி. கிட்டத்தட்ட 5 டன். அது மேலே உட்கார்ந்திருக்கும் சுவரின் எடை மட்டும். 5 அங்குல தளம் சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ. தளம், அதன் மேல் பதித்த தட்டோடு என்கிற மாடி ஓடு, மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அது ஒரு டன். இத்தனையும் நாம் எடுக்கப் போகும் சுவர் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது.

கடைசியில் எடுத்தோம், ஆனால் முறையாக. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இரும்பு உத்திரத்தின் அளவைக் கணக்கிட்டுக் கொடுத்தார். சுவரின் இரண்டு பக்கமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்தோம். மேல்சுவரைத் தாங்க, சுவரில் இடைவெளி விட்டு ஓட்டை போட்டுக் குறுக்கு இரும்பு செருகி அதற்கும் முட்டு. உத்திரம் உட்காரும் இரு முனையிலும் செங்கலை எடுத்துக் கான்கிரீட் படுக்கை போட்டோம். சுவரின் பாதி கனத்தை வெட்டி ஒரு உத்திரம், அது இறுகிய பிறகு மறுபாதியில் இன்னொன்று. மேலே இடைவெளி இல்லாமல் கிரவுட் என்கிற சுருங்காத சிமெண்ட் கலவையை அடைத்து, அது காய்ந்த பிறகுதான் கீழே கைவைத்தோம். பதினோரு நாள் வேலை. வீட்டுக்காரர் ஒரே நாளில் முடியும் என்று நினைத்திருந்தார்.

நாலரை அங்குலச் சுவர்தானே என்று அதையும் கண்ணை மூடி இடிக்காதீர்கள். தாங்க வேண்டாத சுவர்கூடத் தளம் கொஞ்சம் தொய்ந்த பிறகு தாங்கத் தொடங்கியிருக்கும்.

பழைய விரிசலைப் பார்த்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒரு சின்னப் பட்டை, மேலே பென்சிலால் தேதி. ஒரு மழைக்காலம் தாண்டிப் போய்ப் பாருங்கள். பட்டை உடையவில்லை என்றால் பழைய புண், பூசிவிடலாம். உடைந்திருந்தால் இன்னும் ஏதோ நகர்கிறது. பூசாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். கரிசல் மண்ணில் நிற்கும் வீடு என்றால் பெரும்பாலும் மண்தான் காரணம். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும்.

சுண்ணாம்புக் கட்டடம், மெட்ராஸ் டெரஸ் வேலைக்குத் தனிப் பயிற்சி வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும். இதில் சந்தையும் இருக்கிறது. காரைக்குடிப் பக்கமும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றுகிறார்கள். தெரிந்தவர்கள்தான் குறைவு.

மெட்ராஸ் டெரஸ் என்றால் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்களைப் போட்டு, அதன் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதித்த கூரை. சுண்ணாம்புக் கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர்.

இது ஒழுக ஆரம்பித்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம், மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போடுவது. ஒழுகல் ஒரு வருடம் நிற்கும். எடை கூடும். மூச்சுவிட்டுக் காய்ந்துகொண்டிருந்த கூரைக்குள் ஈரம் சிறைப்படும். சட்டங்கள் சுவருக்குள் போகும் நுனி அழுகும், வெளியே தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில் நான் முதலில் செய்வது, ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு சட்டத்தின் நுனியையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பது. நல்ல தேக்கு குத்து வாங்காது. அழுகியது வெண்ணெய் மாதிரி உள்ளே போகும். ஒரு வீட்டில் 22 சட்டத்தில் ஏழு போயிருந்தது. கீழே இருந்து பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருந்தது.

சுவருக்கும் இதே கதைதான். சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசுவார்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் இன்னும் இரண்டடி மேலே ஏறி அங்கே உப்புப் பூக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர் இன்றைக்கும் கை வைத்தால் வழுக்குகிறதே, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு அது. அந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார் ஒருவர் கிடைத்தால் கூலி பேசாமல் அவர் பின்னால் போங்கள்.

பார்க்க வேண்டிய இடம் என்று கேட்டால், சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா. தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணி மாதிரி முகப்பில் போட்டோ எடுக்காமல், சட்டமும் தூணும் சேரும் மூட்டுகளைப் பாருங்கள்.

எல்லோரும் ஆத்தங்குடிக் கல் கேட்கிறார்கள். போடலாமா?

போடலாம். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட்டும் அந்த ஊர் மணலும் சேர்த்துக் கையால் செய்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்தும் கல் அது. நடக்க நடக்க மெருகேறும். ஆனால் எலுமிச்சை, புளி, ஆசிட் பட்டால் திட்டு விழும். ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் உள்ள வீட்டில் பாத்ரூமுக்குப் போடாதீர்கள். பூஜை அறைக்கு மட்டும் கேட்பவர்களுக்கு எண்ணெய்க் கறையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"என்ன மாதிரி வீடு வேணும்?" என்று கேட்காதீர்கள். போனில் இருக்கும் படங்களைக் காட்டுவார்கள், அத்தனையும் வேறு ஊர் வெயிலில் எடுத்தது. நான் கேட்பவை வேறு. காலையில் முதலில் யார் எழுகிறார்? செருப்பு எங்கே கிடக்கும்? அரிசி மூட்டையாக வாங்குவீர்களா, பத்து கிலோவாகவா? துணி எங்கே காயும்? பெரியவர் ராத்திரி எத்தனை முறை எழுகிறார்? இதற்குப் பதில் வந்தால் பாதி பிளான் தயார்.

பேசுபவர் பெரும்பாலும் ஆண், சமைப்பவர் பெரும்பாலும் அங்கே இருக்க மாட்டார். அதனால் முதல் சந்திப்பை நான் அவர்களுடைய அடுப்படியில்தான் வைத்துக்கொள்வேன். ஒரு வீட்டில் மாமியார் நாலே முக்கால் அடி, மருமகள் ஐந்தரை அடி. இரண்டு பேருக்கும் தோள் வலி. இருவரையும் நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி முழங்கையிலிருந்து தரைக்கு டேப் பிடித்தேன். வேலை செய்யும் பரப்பு முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே இருந்தால்தான் தோள் தூக்காது. எந்த மேஸ்திரியும் கேட்காமல் வைப்பது 32 அங்குலம். அதன் மேல் ஐந்து அங்குல அடுப்பு, அதற்கு மேல் குக்கர். மாமியார் நுனிக்காலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக் கிண்டிக்கொண்டிருந்தார். மருமகளோ சிங்க்கில் குனிந்துகொண்டிருந்தார். அடுப்பு மேடையை 28 அங்குலத்துக்கு இறக்கி, நறுக்கவும் கழுவவும் உள்ள பக்கத்தை 35-க்கு ஏற்றினோம். "மேடை ஏன் படிக்கட்டு மாதிரி இருக்கு?" என்று வீட்டு ஆண்கள் கேட்டார்கள். பெண்கள் கேட்கவில்லை.

வாஸ்து, மனையடி பார்க்கத் தெரிய வேண்டுமா?

நம்ப வேண்டியதில்லை, தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டடி அறை ஆகாது, பதினொன்று நல்லது என்று மனையடிப் பட்டியலோடுதான் பலர் வருவார்கள். அந்த அளவு பூச்சு முடிந்த பிறகு உள்ளுக்குள் எடுப்பது. சுவர் கட்டும்போது சரியாக 11 அடி விட்டால், இருபக்கமும் அரை அங்குலப் பூச்சு ஏறியதும் 10 அடி 11 அங்குலம் ஆகிவிடும். கிரகப்பிரவேசத்தன்று டேப்போடு ஒரு பெரியப்பா வருவார். அவருக்காக ஒரு அங்குலம் கூட்டி வரைவது என் வழக்கம்.

ஈசானி மூலையில் கிணறோ தண்ணீர்த் தொட்டியோ, தென்மேற்கில் கனம் என்பதில் எல்லாம் நான் சண்டை போடுவதில்லை. காற்றையும் வெளிச்சத்தையும் அடைத்துவிட்டு வாசலை நகர்த்தச் சொன்னால் மட்டும் இரண்டு பிளான் போட்டுக் காட்டுவேன். பாதிப் பேர் வெளிச்சத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

வருமானம் எப்படி?

முதல் சில வருடம் ஒல்லியாக இருக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. கட்டணம் மூன்று விதம்: சதுர அடிக்கு இவ்வளவு, கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம், அல்லது மொத்தமாக ஒரு தொகை. புதுப்பிப்புக்குச் சதுர அடிக் கணக்கு சரிப்படாது. ஒரு பாத்ரூமைச் சரிசெய்ய ஒரு முழு மாடி எடுக்கும் அளவுக்கு நேரம் போகும். அதற்கு நான் மொத்தத் தொகையும், தனியே சைட் வருகைக்கு ஒரு கட்டணமும் வாங்குகிறேன்.

கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு வராமல் பென்சிலை எடுக்காதீர்கள். பிளான் இலவசம், கட்டும் வேலையைக் கொடுங்கள் என்று பல ஒப்பந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்த இலவசம் கம்பியிலோ சிமெண்ட்டிலோ திரும்பி வரும்.

சேவை வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். தனி வீடு புதிதாகக் கட்டும் வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு அந்த வரியில் விலக்கு உண்டு, சாதாரண ரிப்பேர் வேலைக்கு அதை நீட்ட முடியாது. முதல் வருடத்திலேயே ஒரு ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் ஏமாறாமல் இருக்க?

நான் ஏமாந்தேன். இரண்டாம் வருடம், சொந்தத்துக்குச் சொந்தமான ஒரு வீடு. நடுவில் கிரானைட் மாறியது, போர்டிகோ நாலடி நீண்டது, மாடியில் ஒரு பாத்ரூம் முளைத்தது. ஒவ்வொன்றுக்கும் "செய்யும்மா, பார்த்துக்கலாம்" என்றார்கள். கடைசிப் பில்லில் எல்லாம் மறந்துபோனது. கொத்தனார்களுக்கு என் வளையலை அடகு வைத்துக் கூலி கொடுத்தேன்.

அன்றிலிருந்து என் பையில் கார்பன் வைத்த டூப்ளிகேட் புத்தகம் ஒன்று இருக்கும். எக்ஸ்ட்ரா வேலை எதுவானாலும், ஒரு சுவிட்ச் போர்டு நகர்ந்தாலும், அந்த இடத்திலேயே எழுதி, தொகை போட்டு, கையெழுத்து. ஒரு தாள் அவர்களுக்கு, ஒரு தாள் எனக்கு. வாட்ஸ்அப் செய்தியும் உதவும், ஆனால் கையில் பேனா பிடித்ததும் பாதிப் பேர் "இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்பார்கள். அதுவே லாபம்.

புதுப்பிப்பு எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்: கண்ணுக்குத் தெரியும் வேலை, பிரித்த பிறகு தெரியப் போகும் வேலை. இரண்டாவதற்கு மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் தனியாக எடுத்து வைக்கச் சொல்வது என் வழக்கம். மிஞ்சினால் அவர்களுக்குச் சந்தோஷம், பெரும்பாலும் மிஞ்சாது.

அனுமதி வாங்குவது பெரிய தலைவலியா?

சின்ன வீட்டுக்கு இப்போது அவ்வளவு இல்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு சுய சான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, இணையத்திலேயே விண்ணப்பித்து அனுமதி பெறலாம். எந்த வீடானாலும் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உண்டு. பக்க இடைவெளி, உயரம், மழைநீர்ச் சேகரிப்பு எல்லாம் அதில். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். சுய சான்று என்பது சுய இஷ்டம் இல்லை. மனையின் பத்திரம், பட்டா, தரையில் உள்ள அளவு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று டேப் பிடித்துப் பார்த்த பிறகே வரையத் தொடங்குங்கள்.

பெண்களுக்குச் சரிப்படுமா?

சரிப்படும். முதல் இரண்டு வருடம் "சார் வரலையா?" என்று கேட்பார்கள். எனக்கு வயதான மேஸ்திரி ஒருவர் வாய்த்தார். ஆரம்பத்தில் என்னை "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார். ஒரு தளத்தில் கம்பி மாற்றிக் கட்டியிருந்ததைப் பார்த்துக் கான்கிரீட் வண்டியைத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் "வாங்கம்மா" என்றார்.

நடைமுறைத் துன்பம் கழிப்பறை. என் சைட்டில் கடைக்கால் தோண்டுவதற்கு முன் ஒரு தற்காலிகக் கழிப்பறை நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. அது எனக்காக மட்டும் இல்லை. பதினைந்து வருடமாக செங்கல் சுமக்கும் சித்தாள் அக்காக்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அது வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

என்ன சாஃப்ட்வேர் தெரிய வேண்டும்?

ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் போதும். ரெவிட் தெரிந்தால் நல்லது. கையால் வரையவும் வர வேண்டும். சைட்டில் லேப்டாப்பை விரித்தால் சிமெண்ட் தூசி. செங்கல் மேல் சாக்பீஸால் போட்டுக் காட்டினால் கொத்தனாருக்கு உடனே புரியும்.

மேஸ்திரி சொல்வதைக் கேட்பதா, புத்தகத்தைக் கேட்பதா?

சாந்து, கட்டு, மட்டம், மரம் இவற்றில் மேஸ்திரியை. கம்பி, கான்கிரீட், நாள் கணக்கு இவற்றில் புத்தகத்தை. "மூணு நாள்ல பலகையைப் பிரிச்சுடலாம்மா, அடுத்த சைட்டுக்கு வேணும்" என்பார்கள். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நீராற்றுவது சாதாரண சிமெண்ட்டுக்கு 7 நாள், இப்போது எல்லோரும் வாங்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட்டுக்கு 10 நாள். இதில் பேரம் கிடையாது. பலகை வாடகையை வேண்டுமானால் நான் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

லாரி பேக்கர் பாணியில் மலிவாகக் கட்டலாமா?

மலிவான வீடுகளுக்குப் பேர்போன ஆர்க்கிடெக்ட் பேக்கர் திருவனந்தபுரத்தில் செய்து காட்டிய எலிப்பொறிக் கட்டில் (செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடம் விட்டுக் கட்டுவது) செங்கல் கால்வாசி மிச்சம். சுவருக்குள் காற்றுப் பை இருப்பதால் சூடும் குறையும். ஆனால் பூசாத சுவருக்குச் சீரான கல்லும், கோடு பிசகாத கொத்தனாரும் வேண்டும். மதுரையில் கிடைக்கும் கல்லில் பாதி வளைந்திருக்கும். மிச்சமான காசு கூலியில் போகலாம். ஆசைப்பட்டால் முதலில் ஒரு காம்பவுண்டுச் சுவரில் கட்டிப் பாருங்கள்.

தொடங்க என்ன முதலீடு?

30 மீட்டர் டேப், லேசர் அளவி, ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், டார்ச், உளி, சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், பென்சில், டூப்ளிகேட் புத்தகம். ஆபீஸ் வேண்டாம், நான் ஆறு வருடம் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வேலை எங்கிருந்து வரும்?

பாத்ரூம் ஒழுகலிலிருந்து. நிஜமாகத்தான் சொல்கிறேன். தெருவுக்கு நாலு வீட்டில் கீழ் அறைச் சீலிங்கில் மஞ்சள் திட்டு இருக்கும். மூன்று பேர் வந்து டைல்ஸ் முழுக்கப் பெயர்க்கணும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் போங்கள். மேல் பாத்ரூமுக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, நானி டிராப் என்கிற தரை வடிகால் வாயைத் துணியால் இறுக அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் தண்ணீர் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் தரையின் வாட்டர் புரூஃபிங் போயிருக்கிறது. கோடு அப்படியே இருந்து, மூடிய வால்வைத் திறந்த பிறகு கீழே திட்டு நனைந்தால், சுவருக்குள் ஓடும் குழாயின் ஏதோ ஒரு மூட்டு. நாலு டைல்ஸ் பெயர்த்தால் போதும். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி இருப்பார், அவர் அடுத்த வருடம் வீடு கட்டுவார்.